தண்ணீர் குடிக்கும் சத்தம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீதி செத்துப்போய்க் கிடக்கும். துறைமுகப் பக்கத்திலிருந்து காற்றுக்கூட எழும்பாது. அந்த நேரத்தில் தையல் மெஷினை நிறுத்தினால் எனக்கு ஒரு சத்தம் கேட்கும். வீட்டுப் பின்வளவிலிருந்து வரும். நாய் நாக்கால் தண்ணீரை நக்கிக் குடிக்கும் சத்தம்.

எங்கள் வீட்டில் இப்போது நாய் இல்லை. எழும்பிப் போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு வந்து உட்கார்ந்த நாட்கள் நிறைய. பேய் பிசாசு என்று கதைக்கிறவர்களைக் கண்டால் வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான். கையில் நூல் கட்டியதில்லை, வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் மெஷினை நிறுத்துவதில்லை. தைக்க ஒன்றும் இல்லாவிட்டால் வெட்டுத்துணிகளை இணைத்துத் தலையணை உறையாவது தைப்பேன். பள்ளிக்கூடச் சட்டைகளைச் சொன்ன நாளுக்கு முன்பே முடித்துக் கொடுக்கிறவள் என்று எனக்கு நல்ல பெயர். காரணம் தெரிந்தால் ஒருவரும் துணி கொண்டுவர மாட்டார்கள்.

முன்பு இருந்த எங்கள் நாய்க்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வாய் அதைச் சொல்லிப் பார்க்கும். சொன்னால் கண் வாசலுக்குப் போகும்.

என் கணவர் துறைமுகத்தில் குழாய் வேலை செய்கிறவர். கப்பல்களுக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்கள், பம்புகள், வால்வுகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு பின்னேரம் அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மண்ணிறப் பெட்டை நாய் மூச்சிரைக்க ஓடிவந்து எங்கள் வாசல் படலைக்குள் நுழைந்தது. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, எலும்பும் தோலுமாக இருந்தது.

"வேலைக்குப் போன மனிசன் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார் எண்டு பாத்தால், நாயைக் கூட்டிக்கொண்டு வாறார்" என்றேன்.

"நான் கூட்டிக்கொண்டு வரேல்லை. அது தானா வந்தது. தண்ணியைக் குடிச்சிட்டுப் போகட்டும்."

தண்ணீரைக் குடித்தாள். போகவில்லை. ஒரு பேசின் தண்ணீரைக் குடிக்க அரைப் பேசினைத் தரையில் சிந்துகிற நாய் அது. அந்தச் சளக் சளக் சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்கும். ஒரு மாதம் கழிய, நானில்லாமல் அவள் சாப்பிட மாட்டாள் என்ற நிலைமை வந்துவிட்டது. எனக்கும் அவள் காலடியில் கிடக்காமல் மெஷின் ஓடாது. பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. அதைப் பற்றி ஊர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தது. நாயை மடியில் வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார்கள். ஓம், வைத்திருந்தேன்.

கடலில் இறங்கி நனைந்து வந்து, நான் வெட்டி விரித்திருக்கும் வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உதறுவாள். கையில் கிடைத்த அடிமட்டத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துவேன். அவள் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்வாள். எங்கள் ஊரில் மாடுகள்போல் வீதியில் திரியும் மான்கள் குப்பை கிளற வந்தால் மட்டும் கொஞ்சம் மரியாதை காட்டுவாள். கடமைக்கு ஒரு தடவை குரைத்துவிட்டு விலகி நிற்பாள்.

எங்கள் வீதியில் மீன் வாங்கும் முறையைச் சொல்ல வேண்டும். காலையில் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு வருவார். ஒவ்வொரு படலையிலும் நிறுத்தி, அந்த இடத்திலேயே மீனை வெட்டித் துப்புரவாக்கிக் கொடுப்பார். தலையும் குடலும் செவுளும் வீதியோரத்து நாய்களுக்கு. எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா, எங்களுக்கு ராத்தா, நாயைத் தொடமாட்டா. நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி கழுவ வேண்டிய முறை அவவுக்கு இருந்தது. ஆனால் மீன் தலைகளைச் சேர்த்து, மதிலில் ஒரு கல்லின் மேல் என் பெட்டைக்கென்று தனியாக வைப்பா. அவள் வீடு வீடாகப் போய்த் தின்றாள். வீதி முழுக்க அவளை வளர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அவள் சாப்பிடவில்லை. முன்காலால் முகத்தைப் பிறாண்டினாள். அடுத்த நாள் வாய் திறந்தபடியே கிடந்தது, எச்சில் நூலாக வடிந்தது. என்னைக் கண்டு குரைக்கப் பார்த்தபோது குரல் அவளுடையதாக இல்லை, கரகரவென்று வேறு எங்கிருந்தோ வந்தது. கிட்டப் போய் வாயைப் பிடித்துத் திறந்து பார்க்கக் குனிந்தேன். பின்னாலிருந்து என் கணவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அவ்வளவு முரட்டுத்தனமாக அவர் என்னைத் தொட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"கிட்டப் போகாதையும்" என்றார்.

அவர் கட்டைபறிச்சான் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் அவரோடு ஒன்றாகத் திரிந்த பக்கத்து வீட்டுப் பையன் வெறிபிடித்த விசர்நாய் கடித்துச் செத்தான். கடித்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்துவிட்டான். கடைசியில் ஒரு பேணியில் தண்ணீர் கொண்டுவந்து காட்டியபோது அந்தப் பையனின் கழுத்து நரம்புகள் என்ன செய்தன என்பதை என் கணவர் பார்த்திருக்கிறார். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

ராத்தா தன் படலையில் நின்று எட்டிப் பார்த்தா. "புள்ள, வாயப் பாத்தியா, நுரை வடியுது. தண்ணி வெச்சுப் பாருங்க. குடிச்சா ஒண்ணுமில்ல. குடிக்காட்டி விசர்தான்."

இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. நாயைக் கட்டிவிட்டு, முன்னால் தண்ணீர் வைத்து, தள்ளி நின்று பார்ப்பார்கள். நானும் அதை நம்பித்தான் வளர்ந்தவள். அவளை மாமரத்தில் கட்டினோம். அவர் நீளத் தடியால் பேசினை அவள் முன்னால் தள்ளினார். வீதியில் பாதிப்பேர் படலைக்கு வெளியே வந்து நின்றார்கள். அவள் வாலை ஆட்டிக்கொண்டு பேசினுக்குள் வாயை வைத்தாள். அடுத்த கணம் உடம்பு முழுக்கத் துடித்து, இருமி, தண்ணீரைத் தட்டிவிட்டு, மரத்துக்குப் பின்னால் போய் ஒதுங்கிக்கொண்டாள். வெளியே நின்ற ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் வாலை ஆட்டியதை நான் பார்த்தேன். மற்றவர்கள் இருமியதைப் பார்த்தார்கள்.

தனியாக நிலையம் வைத்திருந்த மிருக வைத்தியர் ஒருவர் வந்தார். படலைக்கு உள்ளே வரவில்லை. அவரைக் குற்றம் சொல்லி நான் பல நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். வந்து பார்த்ததற்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று என் கணவர் சொல்வார். வைத்தியர் மதிலுக்கு மேலால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஊசி போட்டதா?"

வருடா வருடம் வீதிக்கு வந்து நாய்களுக்கு ஊசி போடுகிறவர்கள் வலையோடு வருவார்கள். அந்த வருடம் வலையைக் கண்டதும் அவள் இறங்குதுறைப் பக்கம் ஓடிவிட்டாள். அதைச் சொன்னேன்.

"வாய் மூட ஏலாமல் கிடக்கு. தண்ணி குடிக்க ஏலாமல் கிடக்கு. விசர் எண்டு நினைச்சு நடக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. பூட்டி வையுங்கோ. வாய்க்குள்ள ஒருத்தரும் கை வைக்க வேண்டாம்."

"தொண்டையில ஏதும் சிக்கியிருந்தால்?" என்று நான் கேட்டேன். கேட்டது உண்மை. இதை நான் இப்போது சேர்க்கவில்லை.

"அப்பிடியும் இருக்கலாம், அம்மா. ஆனால் அதைப் பார்க்கிறதுக்கு வாயைத் திறக்க வேணும். திறந்து பார்த்து விசராயிருந்தால், பிறகு உங்களைத்தான் நான் பார்க்க வர வேண்டியிருக்கும்."

என் கணவர் முடிவெடுத்துவிட்டார்.

பின்வளவில் எங்களுக்கு ஒரு பழைய குளியலறை உண்டு. வீட்டுக்குள் புதிதாக ஒன்று கட்டிய பிறகு அதைப் புழங்குவதில்லை. வாளி வைக்கும் உயரத்தில் ஒரு குழாய், அது எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். துறைமுகத்துக் குழாயெல்லாம் திருத்துகிற மனிசன், தன் வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போட வருடக்கணக்காக நேரமில்லாமல் திரிகிறார் என்று நான் சொல்லிக்காட்டாத விருந்தாளி கிடையாது. அந்த அறைக்குள் அவளை விட்டோம். கயிற்றை நான்தான் பிடித்துப் போனேன். என் பின்னால் வந்தாள், சந்தேகமே படவில்லை. கயிற்றை நீளமாக விட்டுவிட்டு நான் வெளியே வர, அவர் கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார்.

ராத்தா பின்வேலிக்கு அப்பால் வந்து நின்று சொன்னா, "தண்ணிய மட்டும் காட்டிராத புள்ள. கண்டா அதுக்கு வேதனை கூடும். பாவம் வாயில்லாத சீவன்." அவ அழுதுகொண்டுதான் சொன்னா.

மறுநாள் மத்தியானம் நான் குளியலறைக் கதவோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. சளக். கொஞ்சம் இடைவெளி. சளக். நாக்குத்தான். குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரை நக்குகிறாள். சிந்திச் சிந்திக் குடிக்கிறவளின் சத்தம் எனக்குத் தெரியாதா?

ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தேன். "அவள் தண்ணி குடிக்கிறாள். வந்து கேளுங்கோ. விசர் நாய் தண்ணி குடிக்குமே?"

அவர் கதவில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்டும் கேட்கேல்லை" என்றார். "பைப் சொட்டுற சத்தம்."

"வடிவாக் கேளுங்கோ."

"பைப்தான். தண்ணிச் சத்தம் கேட்கக் கேட்க அதுக்குக் கரைச்சல்."

வளவு மூலைக்குப் போய், குனிந்து, குளியலறைக்குப் போகும் வால்வை இறுக்கிப் பூட்டினார். அவர் கை வேலை சுத்தமாக இருக்கும். சொட்டு நின்றுவிட்டது. நான் திரும்பவும் கதவில் காதை வைத்தேன். நகத்தால் சீமெந்தைப் பிறாண்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவர் இரக்கப்பட்டுத்தான் அதைச் செய்தார் என்று நான் அன்றைக்கு நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து விடியும்போது அவள் செத்திருந்தாள். தலை குழாயடியில் கிடந்தது.

விசரா இல்லையா என்று அறிய, தலையை வெட்டிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அதற்குரிய ஆள் கையுறையோடு வந்து வேலையை முடித்தார். ஐஸ் போட்டு அனுப்ப குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? மீன் ஏற்றுகிற பெட்டி ஒன்று வாங்கி வந்தார்கள். அதற்குள் அவளுடைய ஒரு நிமிர்ந்த காதும் ஒரு மடிந்த காதும் போயின. என்னைப் பார்க்க விடவில்லை. மிச்ச உடம்பை என் கணவர் தனியாகவே மாமரத்துக்கு அடியில் புதைத்தார். என்னை உள்ளே போய் இருக்கச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் குழிக்குள் குனிந்து வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன்.

நாங்களிருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடத் தொடங்கினோம். அவள் நக்காத இடம் எங்கள் உடம்பில் இல்லை. பதில் வரும்வரை இருந்த அந்த நாட்களில் நான் தினமும் அம்மன் கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். அவளுக்கு விசர் இருந்திருக்க வேண்டும் தாயே என்று வேண்டினேன். கையைக் கூப்பி, கண்ணீர் விட்டு, என் பிள்ளைக்கு விசர் என்று பதில் வர வேண்டும் என்று கேட்டேன். என் உடம்பிலும் அது ஏறியிருக்கலாம் என்பதைக்கூட நினைக்கவில்லை. அது விசராக இருந்தால் தாகத்தில் செத்தாள் என்று ஆகாது. நோயில் செத்தாள் என்று ஆகும். அதோடு நான் உயிர் வாழலாம் போல் இருந்தது.

தொலைபேசியில் பதில் வந்தது. விசர் இல்லை.

நான் குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் அலுமாரிக்குப் போய், சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்து என் முன்னால் பிரித்து வைத்தார். உள்ளே ஒரு முள். கெளிறு மீனின் செட்டை முள், விரல் நீளம், இரண்டு பக்கமும் வாள் போலப் பல். குத்தினால் உள்ளேதான் போகும், வெளியே வராது. கெளிறு வெட்டுகிற எல்லோரும் அதை முதலில் முறித்து எறிவார்கள்.

"கழுத்துக்குள்ள கிடந்தது" என்றார். "புதைக்கேக்க கண்டனான்."

"அண்டைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் கோயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தீர்" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

யார் வீட்டுப் படலையில் வெட்டிய கெளிறு என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் நாங்கள் முயலவில்லை. ராத்தாவுக்கு முள்ளைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவ மதிலில் கல் இருந்த இடத்தைப் பார்த்துப் பார்த்தே நோயில் படுத்திருப்பா. ஆனால் மிருக வைத்தியரை விடவில்லை. அவருடைய நிலையத்துக்கே போய்க் கேட்டேன், தொண்டையில் முள் ஏறின நாய் தண்ணீர் குடிக்குமா என்று.

அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "வாய் நிறையக் குடிக்க ஏலாது. இருமல் வரும். நக்கி, துளித் துளியா எண்டால் இறங்கும்." பிறகு மெதுவாகச் சொன்னார், "நான் உள்ளே வந்து பார்த்திருக்க வேணும், அம்மா."

நன்றாகத் திட்டுவதென்று போனவள் நான். வழி முழுக்க வசனம் சேர்த்து வைத்திருந்தேன். துளித் துளியாக என்ற சொல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. அவர் பூட்டியது அந்தத் துளியைத்தான் என்று எப்படிச் சொல்வது? ஒரு வீட்டில் இரண்டு பேர், நடுவில் இப்படி ஒன்று. சோறு போட்டேன், சாப்பிட்டார். துணி தைத்தேன், வேலைக்குப் போனார்.

வால்வை அவர் எப்போது திறந்துவிட்டார் என்று தெரியாது. ஒரு நாள் பார்த்தபோது குளியலறைக் குழாய் மறுபடி சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கதவடியால் வழிந்து வெளியே ஒரு பள்ளத்தில் தேங்கும். கோடையில் மான் ஒன்று வேலி இடைவெளியால் வந்து அதில் வாய் வைத்துப் போகும். தண்ணீர் வீணாகிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாஷரைப் பற்றிய என் பழைய பகிடியை வீட்டுக்கு வருகிறவர்கள் நினைவுபடுத்தினால் தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன்.

போன மாதம் மத்தியானத்தில் மின்சாரம் நின்றது. மெஷின் தானாக நின்றுவிட்டது. நான் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தேன், அதற்குள் அது வந்துவிட்டது. சளக். கொஞ்சம் இடைவெளி. சளக். மானாக இருக்கும் என்று பின்வளவுக்குப் போனேன். மான் இல்லை. குளியலறைக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு லீவு. அவர் பார்வை சாத்தியிருந்த கதவிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் மத்தியானத்தில் எங்கே இருப்பார் என்று இத்தனை நாளும் நான் பார்க்கவில்லை. நான்தான் மெஷினோடு இருந்தேனே.

பக்கத்தில் போய் நின்றேன். "உங்களுக்கும் கேட்குதா?" என்று கேட்டேன். கேட்கவில்லை என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கேட்குது" என்றார்.

பிறகு அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அண்டைக்கும் கேட்டது."

அவருடைய கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"குடிக்கிறாள் எண்டு வடிவாக் கேட்டது. கேட்டது எண்டு சொல்லியிருந்தால் நீர் கதவைத் திறந்து, வாய்க்குள்ள கையை விட்டிருப்பீர். அந்தப் பெடியன்ர கழுத்துத்தான் எனக்குக் கண்ணில நிண்டது. அது உம்மட கழுத்தா வந்தால் எண்டு நினைச்சன். அந்தச் சத்தத்தை நிப்பாட்டத்தான் வால்வைப் பூட்டினனான்."

அவர் அழவில்லை. சொல்லி முடித்துவிட்டு, துறைமுகத்தில் வேலை முடிந்ததும் செய்வதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் துடைத்துக்கொண்டார். கதவுக்கு அப்பால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் போய்க் கொளுக்கியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.